புது நாய்க்குட்டி ராத்திரி எங்கே படுக்கட்டும்: திண்ணையா, மூடிய அறையா, கட்டிலோரமா?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி கத்தும். சிப்பிப்பாறையாக இருந்தாலும், லேபரடாராக இருந்தாலும், பக்கத்துத் தோட்டத்து நாட்டு நாய் போட்ட குட்டியாக இருந்தாலும் கத்தும். அப்போது வீட்டில் இருப்பவர்களுக்கு நாலைந்து வழிகள் தோன்றும். வெளியே திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ கட்டிவிடலாம். சமையலறையிலோ பாத்ரூமிலோ விட்டுக் கதவைச் சாத்தி, அழுது ஓயட்டும் என்று இருந்துவிடலாம். கட்டிலில் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். கட்டிலோரமாக ஒரு பெட்டியில் படுக்க வைக்கலாம். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் திண்ணைக்கோ ஹாலுக்கோ போய்க் குட்டியோடு படுத்துக்கொள்ளலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தோட்டத்து வீடுகளிலும் ஓசூர் அடுக்குமாடிகளிலும் இந்த ஐந்தையுமே செய்து பார்க்கிறார்கள்.

எது சரிவரும் என்பது வீட்டின் அமைப்பையும் குட்டியின் வயதையும் பொறுத்தது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் பெரிதான பிறகு எங்கே படுக்கப் போகிறது என்பது ஒரு கேள்வி. முதல் மூன்று நாலு வாரம் அது எங்கே படுக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. "காவலுக்குத்தானே வாங்கினோம், வெளியில்தான் கிடக்கணும்" என்று முதல் நாளே குட்டியை வாசலில் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஏன் கத்துகிறது?

பிறந்த நாள் முதல் குட்டி தனியாகத் தூங்கியதே இல்லை. தாயின் வயிற்றோரம், கூடப் பிறந்த குட்டிகளோடு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் படுத்துத்தான் தூங்கியிருக்கும். அந்தச் சூடும் வாசனையும் மூச்சுச் சத்தமும் சேர்ந்ததுதான் அதற்குத் தூக்கம். கூட்டத்திலிருந்து பிரிந்த குட்டி சத்தம் போட்டால் தாய் தேடி வரும். அதற்காகவே இருக்கிற குரல் அது. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட் என்ற ஆய்வாளர் 1950களிலும் 60களிலும் நாய்க்குட்டிகளைப் பிரித்து வைத்துக் கவனித்தார். ஆறு, ஏழு வாரக் குட்டிகள்தான் அதிகம் கத்தின. பழகிய இடத்தில் தனியாக இருந்ததைவிட, புது இடத்தில் தனியாக இருந்தபோது இன்னும் அதிகமாகக் கத்தின. நம் வீட்டுக்கு வந்த குட்டிக்கு இடமும் புதிது, துணையும் இல்லை.

இதில் வயது ரொம்ப முக்கியம். நம் பக்கத்துக் கிராமங்களில் குட்டி தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததுமே, முப்பது முப்பத்தைந்து நாளில், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லேட்டானால் நம்மிடம் ஒட்டாது என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. மனிதர்களோடு ஒட்டும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நீள்கிறது. எட்டு வாரம், அதாவது 56 நாள் தாயோடு இருந்துவிட்டு வந்த குட்டி நன்றாகவே ஒட்டும். கடிக்கிற வேகத்தை அடக்கிக்கொள்ளவும் அது கூடப் பிறந்தவற்றிடம்தான் கற்றுக்கொள்கிறது. நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. நாற்பது நாள் குட்டியைக் கொண்டுவந்தால், கீழே சொல்கிற எந்த வழியிலும் பாதிப் பலன்தான் கிடைக்கும். தாய் நாய் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு வாரம் அங்கேயே விட்டு வையுங்கள். பகலில் போய்ப் பார்த்துப் பழகிக்கொண்டு வாருங்கள்.

கத்துவதற்கு இன்னொரு காரணம் மூத்திரம். எட்டு வாரக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வயதை மாதக் கணக்கில் எடுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரியும் என ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். தூங்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். அதனால் நாலு மாதம் ஆகிறவரை விடிய விடியத் தூங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எந்த வழியை எடுத்தாலும் ராத்திரி ஒரு முறையாவது யாராவது எழுந்திருக்கத்தான் வேண்டும். ஷிப்ட் வேலை, உடம்பு சரியில்லாத பெரியவர்கள் என்று எழுந்திருக்க ஆளில்லாத வீடுகள் உண்டு. அவர்கள் குட்டிக்குப் பதிலாக ஐந்தாறு மாதம் ஆன நாயைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அதுவும் நன்றாக ஒட்டும்.

வெளியே கட்டுவது

தோட்டத்து வீடுகளில் இதுதான் வழக்கம். வளர்ந்த நாய்க்கு இது சரிதான். ஏப்ரல், மே மாதத்தில் தர்மபுரி டவுனில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை ராத்திரி இரண்டு மணிக்கும் அனல் அடிக்கும். அதைவிடத் திண்ணை எவ்வளவோ மேல். அந்த நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் எட்டு வாரக் குட்டியைத் தனியாக வெளியே விடுவதை எந்த ஊரிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காட்டை ஒட்டிய ஊர்களில் பேச்சுக்கே இடமில்லை. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2022-ல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் இந்த இரண்டு மாவட்டத்துக் காடுகளையும் சேர்ந்ததுதான். அந்தக் காட்டில் சிறுத்தை இருக்கிறது, சிறுத்தைக்கு நாய் எளிய இரை. கட்டிப் போட்ட குட்டி விடாமல் கத்தினால், தான் இருக்கிற இடத்தைத் தானே சொல்லிக்கொடுக்கிறது. காடு இல்லாத ஊரிலும் பாம்பு இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். நெளிகிற எதையும் குட்டி மூக்கால் முட்டிப் பார்க்கும்.

மாட்டுக் கொட்டகையில் சூடு இருக்கும், துணையும் இருப்பது போலத் தோன்றும். ஆனால் மாடு புரண்டு படுக்கும்போது குட்டி நசுங்கலாம். அதோடு உண்ணி. கொட்டகையில் படுக்கிற குட்டியின் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைக் குட்டி மேலும் அடித்துவிடுகிறார்கள். அது குட்டிக்கு விஷமாகிவிடலாம். குட்டியின் வயது, எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுத்தான் உண்ணி மருந்து வாங்க வேண்டும்.

கோழி கவிழ்க்கிற கூடையைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவதும் உண்டு. சங்கிலியில் கட்டுவதைவிட அது தேவலாம், சங்கிலி சின்னக் குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். ஆனால் கூடைக்கு அடி கிடையாது, தரையின் ஈரமும் குளிரும் நேராக வயிற்றில் ஏறும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கேயும் தளியிலும் மார்கழிக் குளிரில் பெரிய நாயே சுருண்டு கிடக்கும். முடி குறைந்த சிப்பிப்பாறைக் குட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. குட்டிகளுக்கு ரத்தப் பேதியைக் கொண்டுவருகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசலுக்கு வந்துபோகிற தெரு நாயின் மலத்திலிருந்து ஊசி முடியாத குட்டிக்கு அது தொற்றினால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில், அப்புறம் மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். இந்த ஊசிகள் முடிகிற வரை தெரு நாய் வந்துபோகிற இடம் குட்டிக்குப் படுக்கை ஆகக் கூடாது.

"உள்ளே வைத்துப் பழக்கினால் காவல் காக்காது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரைத்துக் காவல் காக்கிற குணம் ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் வெளிப்படும். வீட்டு ஆட்களோடு ஒட்டுதல் இருந்தால்தான் அந்த வீட்டை அது தன்னுடையதாக நினைக்கும். இரண்டாவது மாதத்தில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கியதால் எந்த நாயும் காவலை விட்டுவிடாது.

மூடிய அறையில் அழவிடுவது

டவுன் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். "ரெண்டு நாள் கத்தும், மூணாவது நாள் அடங்கிடும்" என்பார்கள். உண்மைதான், நிறையக் குட்டிகள் அடங்கிவிடும். ஆனால் அடங்கியதும் நிம்மதியானதும் ஒன்றல்ல. கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குட்டிக்குத் தனிமை மேல் ஒரு பயம் தங்கிவிடலாம். பிற்பாடு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பிறாண்டுகிற, செருப்பைக் கடித்துக் கிழிக்கிற, எங்கே போனாலும் காலைச் சுற்றுகிற நாய்களில் சில இப்படித்தான் உருவாகின்றன. எல்லாக் குட்டிக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. துணிச்சலான குட்டிகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் குட்டி எந்த ரகம் என்று முதல் ராத்திரி உங்களுக்கு எப்படித் தெரியும்?

நடைமுறைத் தொல்லையும் உண்டு. குட்டி தன் படுக்கையில் மூத்திரம் போகாமல் இருக்கப் பார்க்கும், அது கூடவே பிறந்த குணம். யாரும் வராமல் அங்கேயே போய், அதன் மேலேயே படுக்க வேண்டி வந்தால் அந்தக் குணம் மழுங்கும். பிறகு வெளியே போய்ப் பழக்குவது இரட்டிப்பு வேலை. பாத்ரூம் டைல்ஸ் தரை ராத்திரியில் சில்லென்று இருக்கும். சமையலறையில் கேஸ் டியூப், பிரிட்ஜ் வயர் எல்லாம் கடிக்கிற உயரத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூடிய கதவுக்குப் பின்னால் கத்துகிற குட்டி தனிமையில் கத்துகிறதா, வயிற்று வலியில் கத்துகிறதா என்று தெரியாது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உதவாது. ஒவ்வொரு முனகலுக்கும் ஓடி வந்து லைட்டைப் போட்டு, மடியில் வைத்துக் கொஞ்சி, பால் ஊற்றினால், ராத்திரி ஒரு மணி விளையாட்டு நேரம் என்று குட்டி எடுத்துக்கொள்ளும். அதட்டுவதும் செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பதும் பயத்தின் மேல் பயத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

கட்டிலில் சேர்த்துக்கொள்வது

உடனே தூங்கிவிடும், அதில் சந்தேகமில்லை. பெரிதான பிறகும் கட்டிலில்தான் படுக்கப் போகிறது என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் வேண்டாம். மூன்று மாதம் மெத்தையில் படுத்த நாயைக் கீழே இறக்குவது இரண்டு தரப்புக்கும் கஷ்டம். கட்டிலிலிருந்து விழுந்தால் குட்டியின் எலும்பு தாங்காது. மெத்தையில் மூத்திரம் போகும். குட்டிகளின் வயிற்றில் புழு இருப்பது சகஜம், சின்னப் பிள்ளைகளுக்கு அது தொற்றக் கூடும். இரண்டு வார வயதில் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் குட்டியும் பிள்ளையும் ஒரே படுக்கை என்பது கூடவே கூடாது.

கட்டிலோரப் பெட்டி

நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். குட்டிக்கு மூச்சுச் சத்தமும் வாசனையும் கிடைக்கிறது, உங்களுக்குத் தூக்கம் கிடைக்கிறது, மூத்திரத்துக்கு எழுந்தால் காதில் விழுகிறது. பெட்டியைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். மற்ற எந்த வழியிலும் இந்த வசதி கிடையாது.

கம்பிக் கூண்டு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் தக்காளிக்கும் மாங்காய்க்கும் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கிரேடு எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். எட்டு வாரக் குட்டிக்கு அதைவிடப் பொருத்தமான படுக்கை இல்லை. நாலு பக்கமும் ஓட்டை இருப்பதால் காற்று வரும். குட்டி உள்ளிருந்தே உங்களைப் பார்க்கலாம். ஓரம் ஒரு அடி உயரம் இருப்பதால் முதல் வாரம் ஏறிக் குதிக்க முடியாது. முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பூச்சிமருந்து அடித்த காய் இருந்த கிரேடு அது, குட்டி கண்டிப்பாக நக்கும், கடிக்கும். உடைந்த விளிம்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அடியில் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக விரிக்க வேண்டும். ஏறிக் குதிக்க ஆரம்பித்ததும் இன்னொரு கிரேடை அதன் மேல் கவிழ்த்து, ஒரு பக்கம் மட்டும் கயிற்றால் கட்டிவிட்டால் மூடித் திறக்கிற பெட்டி ஆகிவிடும். ராத்திரி கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஓட்டையில் மாட்டிக்கொண்டால் இறுக்கும். குட்டி எழுந்து நிற்க, சுற்றித் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். அதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ளும். லேபரடார் குட்டிக்கு ஒரு மாதத்திலேயே கிரேடு பத்தாது. அப்போது கம்பிக் கூண்டோ, பழைய பலகையில் ஆசாரியிடம் சொல்லி அடித்த பெட்டியோ தேவைப்படும்.

குட்டியைக் கொண்டுவரப் போகும்போது ஒரு பழைய துணியை எடுத்துப் போய்த் தாய் மேலும் மற்றக் குட்டிகள் மேலும் நன்றாகத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். அதைத் துவைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள். குளிர் காலமாக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கலாம். சூடு அதிகமானால் மறுபாதிக்குக் குட்டி தானே நகர்ந்துவிடும். காலையில் கொண்டுவருவது நல்லது. ஒரு பகல் முழுக்க வீட்டை மோந்து பார்த்திருந்தால், ராத்திரி வரும்போது இடம் அவ்வளவு புதிதாக இருக்காது.

பெட்டியை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் குட்டி அதைத் தண்டனையாக நினைக்கும். பகலில் சோற்றுத் தட்டை அதற்குள் வையுங்கள். குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்கும். பகலில் எங்கே கண்ணயர்ந்தாலும் தூக்கி அதில் படுக்க வையுங்கள்.

இனி ராத்திரி. கடைசிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடியட்டும். தண்ணீரை அடியோடு எடுத்துவிடக் கூடாது, முக்கியமாக வெயில் காலத்தில். ஒன்பது மணிக்கு மேல் நிறையக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒன்பதரை வரை விளையாட்டு. பத்து மணிக்கு வாசலின் ஒரே மூலைக்குத் தூக்கிப் போய் மூத்திரம் போக வைத்துவிட்டுப் பெட்டியில் விடுங்கள். விட்டதும் முனகும். கையைத் தொங்கவிட்டு விரலை ஓட்டை வழியாக உள்ளே நீட்டினால் மோந்து பார்க்கும், நக்கும், கொஞ்ச நேரத்தில் விரல் மேலேயே மூக்கை வைத்துத் தூங்கிவிடும். பேச வேண்டாம், தூக்க வேண்டாம், கை மட்டும் போதும்.

கத்தலில் வித்தியாசம் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். படுக்க விட்டதும் வருவது தனிமைக் கத்தல், அதற்குக் கை போதும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து முனகினால் மூத்திரம். லைட்டைப் போடாமல், கொஞ்சாமல் தூக்கிக்கொண்டு அதே மூலைக்குப் போங்கள். போனதும் மெதுவாக ஒரு நல்ல வார்த்தை, திரும்பவும் பெட்டி. கத்துகிற வரை காத்திருக்காமல் ஒன்றரை, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து நீங்களே எழுப்பித் தூக்கிப் போனால் இன்னும் நல்லது. கத்தினால்தான் ஆள் வரும் என்ற கணக்கே அதன் மனதில் விழாது. விடிகாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை. வாரம் ஆக ஆக அலாரத்தைக் கால் மணி, அரை மணி தள்ளி வைத்துக்கொண்டே போகலாம். பெரும்பாலான குட்டிகள் முதல் வாரத்துக்குள் தனிமைக் கத்தலை நிறுத்திவிடும். மூத்திரத்துக்கு எழுப்புவது மட்டும் இன்னும் சில வாரம் தொடரும்.

ஓசூர் அடுக்குமாடியில் இருப்பவர்கள் ராத்திரி லிப்டில் இறங்கித் தெருவுக்குப் போக வேண்டாம். பால்கனியில் ஒரு அகலமான டிரேயில் மணல் போட்டோ, செய்தித்தாள் விரித்தோ வையுங்கள். ஊசி முடிகிற வரை அதுதான் பாதுகாப்பு. மேல் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும், "குட்டி வருதுங்க, நாலு நாள் சத்தம் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. குட்டியைப் பால்கனியில் படுக்க மட்டும் வைக்காதீர்கள். கீழே தெரு நாய் குரைக்கிற ஒவ்வொரு முறையும் எழுந்துவிடும்.

ஆள் வெளியே போவது

"நாயெல்லாம் வூட்டுக்குள்ள ஆகாதுப்பா" என்று ஆயா ஒரே பேச்சில் முடித்துவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களோடு வாதாடத் தேவையில்லை. குட்டி உள்ளே வரக் கூடாது என்றால் நீங்கள் வெளியே போங்கள். திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கொசுவலை கட்டி, கட்டில் காலுக்குப் பக்கத்தில் அதே கிரேடை வைத்துக்கொண்டால் மேலே சொன்ன எல்லாம் அப்படியே நடக்கும். தர்மபுரி வெயிலுக்கு மாசியிலிருந்து ஆனி வரை திண்ணையில் படுப்பது பலருக்கும் பழக்கம்தான். ஆள் இருக்கிறபோது பாம்பு பயமும் தெரு நாய்த் தொல்லையும் வெகுவாகக் குறையும். காட்டோர ஊரில் மட்டும் இதையும் கம்பிக் கதவு போட்ட வராந்தாவில் செய்யுங்கள், திறந்த திண்ணையில் வேண்டாம்.

தோட்டத்து வீட்டுக்கு இதையே முதல் வழியாகச் சொல்வேன். நாய் கடைசியில் படுக்கப் போகிற இடத்திலேயே பெட்டி இருக்கிறது. இங்கே ஆள்தான் படிப்படியாக விலக வேண்டும். முதல் வாரம் கட்டில் பெட்டியை ஒட்டி, அடுத்த வாரம் நாலடி தள்ளி, ஊசிகள் முடிந்த பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே. குட்டி நாலைந்து ராத்திரி சத்தமில்லாமல் தூங்கிய பிறகே அடுத்த நகர்வு.

துணைக்கு இரண்டு குட்டியாக வாங்கிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ராத்திரி அமைதியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்கள் பேச்சுக்குக் காது கொடுக்காது. பிற்பாடு பிரித்தால் இரண்டுமே கத்தும். செலவும் ஊசியும் இரண்டு மடங்கு. வேண்டாம்.

பாலும் மருந்தும்

ராத்திரி கத்தினால் பசும்பால் ஊற்றுவது பெரிய பழக்கம். தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு ஆகும். அப்புறம் அந்த வயிற்றுப்போக்குக்காகவே கத்தும். களி, கூழ் மட்டும் போட்டு வளர்த்தாலும் பத்தாது. வயிறு நிறையும், புரதம் இருக்காது. சோற்றிலோ களியிலோ வேகவைத்த முட்டை, உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி சேர்த்து, எட்டு வாரத்தில் ஒரு நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம் சேர்க்கக் கூடாது. வயிறு நிறைந்த குட்டிதான் தூங்கும். தூங்க வைக்க மெடிக்கலில் மாத்திரை, சிரப் என்று எதையும் வாங்கி ஊற்றாதீர்கள். மனிதர்களுக்கான அளவு ஒன்றிரண்டு கிலோ குட்டிக்கு எமன்.

தனிமைக் கத்தல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. சாப்பிடாமல் சுருண்டு கிடந்து மெல்லிய குரலில் விடாமல் முனகுவது, வாந்தி, ரத்தம் கலந்த நாற்றமான பேதி, ஊதி இறுகிய வயிறு. இவற்றில் எது தெரிந்தாலும் காலையில் கால்நடை மருத்துவமனை திறக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். ஒரு நாள் பார்க்கலாம் என்று தள்ளுவதற்குள் உடம்பில் நீர் வற்றிவிடும். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணிலும் விசாரிக்கலாம். ஊசி போடாத குட்டி, அதுவும் தெருவில் கிடைத்த குட்டி, விளையாட்டாகப் பிள்ளையைப் பல்லால் கீறிவிட்டால்கூட அந்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே என்று விடக் கூடாது.

பெட்டியை நகர்த்துவது

கட்டிலோரம் தூங்கிப் பழகிய குட்டியின் பெட்டியை ஒரே நாளில் வாசலுக்கு மாற்றினால் முதல் ராத்திரியின் கதை திரும்பவும் நடக்கும். கட்டிலிலிருந்து அறைக் கதவு, கதவிலிருந்து ஹால், ஹாலிலிருந்து வராந்தா என்று சில நாளுக்கு ஒரு நகர்வு.  கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகிற வரை வெளியே வேண்டாம். காட்டோர ஊரில் வளர்ந்த நாய்க்கும் ராத்திரி கம்பிக் கதவுக்குள்தான் இடம்.

நகர்த்திய பிறகும் சில நாள் பின்வாங்கும். நாலு ஐந்து மாதத்தில் பல் விழுந்து முளைக்கிற வலியில் ராத்திரி எழும். சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு இறங்கும்போதும், தீபாவளி வெடி வெடிக்கும்போதும் நடுங்கும். அப்போது பெட்டியைத் தயங்காமல் கட்டிலோரம் கொண்டுவந்துவிடுங்கள். இடியும் வெடியும் அடங்கி, இரண்டு மூன்று ராத்திரி நன்றாகத் தூங்கியதும் பழைய இடத்துக்கே நகர்த்தலாம். பழகின பாதை என்பதால் இந்த முறை வராந்தா போய்ச் சேர அவ்வளவு நாள் பிடிக்காது.